கானாடுகாத்தான் வீட்டு ஜன்னலுக்கு மோட்டார் திரை

உங்கள் அப்பத்தா இருக்கும் மாடி அறைக்குக் குரலில் இயங்கும் திரை வேண்டும், ஆனால் சுண்ணாம்புச் சுவரைக் கொத்தக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். கொத்தவே வேண்டாம்! அந்த வழவழப்பு ஒருமுறை போனால் போனதுதான். சார்ஜ் ஏற்றும் பேட்டரி மோட்டார் வாங்குங்கள், ஒயர் இழுக்கும் வேலையே இல்லை. தாங்கிகளைத் தேக்கு நிலையிலேயே திருகிவிடலாம்.

அளவில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். பழைய நிலை மேலே ஒரு அகலம், கீழே ஒரு அகலம் இருக்கும். மேல், நடு, கீழ் மூன்றிலும் அளந்து குறைந்ததை எடுங்கள். ஜன்னல் கதவு உள்பக்கம் திறந்தால் இறங்கும் திரை அதில் இடிக்கும். அந்த ஜன்னலை விட்டுவிடுங்கள், காற்றுதான் முக்கியம்.

அப்புறம் வைஃபை. முகப்பில் இருக்கும் ரவுட்டர் அத்தனை கனமான சுவர்களைத் தாண்டி மாடிக்கு எட்டுவது கஷ்டம். திரைக்கான ஹப்பை, அதாவது மோட்டாரை இணையத்தோடு சேர்க்கும் சின்னப் பெட்டியை, அதே அறையில் வைத்து, ரவுட்டரிலிருந்து அதற்கு ஒரு கேபிள் கொடுங்கள். வைஃபையில்தான் இணைக்க வேண்டுமென்றால், இந்த ஹப்களில் பெரும்பாலானவை ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சேரும். 'மேட்டர்' என்ற ஸ்மார்ட் கருவிகளுக்கான பொதுத் தரத்தின் ஆதரவு இருந்தால் அலெக்சா, கூகுள் இரண்டிலும் வேலை செய்யும்.

குரலோடு இணைக்கும் முன் மேல், கீழ் எல்லையை மோட்டாரில் பதிந்துவிடுங்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், குரல் எடுபடாது; ஆகவே ரிமோட் கட்டாயம். அதை அப்பத்தா கட்டில் பக்கத்திலேயே மாட்டிவையுங்கள்.