ஊழியர்களின் ஷிப்ட் அட்டவணையைக் கணித முறையில் போடுவது நடைமுறைக்கு உதவுமா?

உறுதியாக உதவும். நீங்களும் மாதக் கடைசியில் எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்கு நைட், யாருக்கு ஆஃப் என்று மல்லுக்கட்டுபவராகத்தான் இருப்பீர்கள் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர்களுக்கு டியூட்டி ரோஸ்டர் போடுவது என் வேலை.

இது நேற்று முளைத்த முறை அன்று. சுங்கச்சாவடி ஊழியர்களுக்குப் பணிநேரம் வகுப்பதை அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக் 1954-லேயே நேரியல் திட்டமிடல் கணக்காக, அதாவது விதிகளுக்கு உட்பட்டு மிகச் சிறந்த விடையைத் தேடும் கணக்காக, எழுதிக் காட்டினார். எங்கள் ரோஸ்டரிலோ, இன்ன செவிலியர், இன்ன நாளில், இன்ன ஷிப்டில் இருக்கிறாரா என்பதற்கு 0 (இல்லை) அல்லது 1 (ஆம்) என்று மதிப்புப் பெறும் ஒரு மாறி. மீறவே கூடாத விதிகள் தனி, மீறினால் அபராதப் புள்ளி விழும் விருப்பங்கள் தனி. ஒரு வார்டுக்குக் கூகுளின் ஓஆர்-டூல்ஸ் என்ற இலவச மென்பொருளே போதும்.

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இந்தக் கணக்கை முதலில் ஓட்டியபோது, தீர்வே இல்லை என்று விடை வந்தது. மென்பொருளில்தான் கோளாறு என்றது நிர்வாகம். விதிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்ததில் காரணம் அகப்பட்டது. ஒவ்வோர் இரவும் வென்டிலேட்டர் பயிற்சி பெற்றவர் ஒருவராவது இருக்க வேண்டும், அப்படிப்பட்டவர்கள் இருவரே, ஒருவருக்கு வாரம் 3 இரவுகளுக்கு மேல் கூடாது என்பதும் விதி. ஆக 6 இரவுகளுக்குத்தான் ஆள் உண்டு. ஏழாவது இரவை அதுவரை அந்த இருவரில் ஒருவர் வாய் திறக்காமல் பார்த்து வந்திருக்கிறார். முணுமுணுப்பு எழுந்தபோதெல்லாம் பழி வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் தலையில் விழுந்திருக்கிறது. நிர்வாகத்தைக் குறை சொல்லக் கணிதத்தைத் துணைக்கு இழுக்கிறேன் என்று சிலர் பின்னூட்டமிடக்கூடும். மூன்றாவதாக ஒருவருக்குப் பயிற்சி தர நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தது இந்தக் கணக்குத்தான் என்பதையும் அவர்கள் கருத வேண்டும்.

கணினி எதைக் குறைக்க வேண்டும் என்ற இலக்கை எழுதுவதில் மிகுந்த கவனம் தேவை. மொத்த அபராதத்தை மட்டும் குறைக்கச் சொன்னால், சுமை முழுவதையும் ஒருவர் தலையில் கட்டிவிட்டும் கணினி மிகக் குறைந்த கூட்டுத்தொகையைக் காட்டிவிடும். இரவு ஒன்பது மணிக்கு ஷிப்ட் முடித்து, மின்சார ரயில் பிடித்துத் திருவள்ளூர் போய், மறுநாள் காலை ஏழு மணிக்குத் திரும்பி நிற்க வேண்டியவர் எப்போதும் ஒரே ஆளாக இருப்பதை எந்தக் கூட்டுத்தொகையும் நியாயப்படுத்தாது. ஆகவே, அதிகச் சுமை சுமப்பவரின் புள்ளியை இயன்றவரை குறைப்பதையே முதல் இலக்காக வையுங்கள்.

பொங்கல், தீபாவளி நாட்களில் சென்ற ஆண்டு யார் வேலை பார்த்தார் என்பதையும் உள்ளீடாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்கும். சென்ற பொங்கலுக்கு வார்டில் இருந்தவரே இந்தப் பொங்கலுக்கும் மாட்டிக்கொள்ளலாம்.