ஜெலுத்தோங்கில் வீடு பார்க்கும் தம்பிக்கு

தம்பி, அடுத்த மாதம் திருச்சியிலிருந்து பினாங்குக்கு வேலைக்கு வர்றீங்க, ஜெலுத்தோங்கில் வாடகைக்கு ஒரு மாடி வீடு பார்த்திருக்கீங்க. வீட்டு வரியை யார் கட்டணும், வார்டு கவுன்சிலர் யார், சாப்பாடும் வெயிலும் எப்படின்னு கேட்டிருக்கீங்க. சாப்பாடும் வெயிலும் பத்து நாளில் பழகிடும், விடுங்க. வரி என்றதும்தான் எனக்குப் பழசெல்லாம் கிளம்பிவிட்டது.

நான் 1997ல் தையல் வேலைக்கு வந்தவன். டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் காப்பிக்கடைக்கு மேலே ஒரு மாடியில் நாலு பேர் தங்கியிருந்தோம். வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் இரும்புக் கதவில் மலாயில் ஒரு காகிதம். ஒரு எழுத்து புரியவில்லை. கீழே காப்பிக்கடைச் சீனப் பெரியவர் நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி, விரல் வைத்துப் படித்தார். வீட்டுக்காரன் பல வருஷமா சுக்காய், அதாவது வீட்டு வரி, கட்டவில்லை, பாக்கி வராவிட்டால் உள்ளே இருக்கும் சாமானைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றார். உள்ளே இருந்ததெல்லாம் எங்கள் சாமான். அஞ்சு மாத மிச்சத்தில் நான் வாங்கிய தையல் மிஷின் ஜன்னலோரம் நின்றது. அன்று ராத்திரி ஒருத்தரும் தூங்கவில்லை.

இங்கே அந்த வரிக்கு சுக்காய் பிந்து என்பார்கள், மதிப்பீட்டு வரி. மாநகர் மன்றத்துக்குப் பெரிய வருமானமே இதுதான். குப்பை, சாக்கடை எல்லாம் இந்தக் காசில்தான் ஓடுது. வருஷத்துக்கு ரெண்டு தவணை, பிப்ரவரிக் கடைசி, ஆகஸ்ட் கடைசி. வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்புப் போட்டு, அதில் இத்தனை சதவீதம் என்று வாங்குவார்கள். 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம். கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். ஆனால் பாக்கி விழுந்தால், யாருடையதாக இருந்தாலும் அந்த வீட்டுக்குள் இருக்கும் சாமானைப் பறிமுதல் செய்ய அதே சட்டம் இடம் கொடுக்குது. நம்ம ஆட்கள் பலருக்கு இது தெரியாது. சாமானைக் காப்பாற்றக் குடியிருப்பவர் பாக்கியைக் கட்டிவிட்டால் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்பதும் அதிலேயே இருக்கு, ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதாமல் இருந்தால். அதனால் முன்பணம் கொடுக்கும் முன்னாடி கடைசித் தவணை ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்க. கேட்கக் கூச்சப்படாதீங்க. நிலவரி வேறு, அது மாநில அரசுக்குப் போவது. தண்ணீர் பில்லும் வேறு.

கவுன்சிலர் விஷயம்: நம்மூர் மாதிரி ஓட்டுப் போட்டு வருபவர் இங்கே இல்லை, மாநில அரசு நியமிப்பதுதான். ஒரு காலத்தில் ஓட்டு இருந்தது. மலாயாவிலேயே முதல் நகராண்மைத் தேர்தல் 1951ல் பினாங்கின் தலைநகரான இந்த ஜார்ஜ்டவுனில்தான் நடந்தது. 1957ல் மாநகரமானபோது முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், நம்ம தமிழர். அவர் பெயரில் இங்கே ஒரு சாலையே இருக்கு. 1965ல் தேர்தலை நிறுத்தினார்கள், திரும்ப வரவில்லை. தேர்தலைத் திரும்பக் கொண்டுவர பினாங்கு சட்டமன்றம் 2012ல் ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது. 2014ல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது. வரி வாங்குகிற மன்றத்துக்கு வரி கட்டுகிறவன் ஓட்டுப் போடணும்.

ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்றவர்கள், இங்கே வந்ததும் ‘நமக்கு எதுக்கு வம்பு’ என்று சாக்கடை அடைத்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள். எனக்குக் கோபம் வரும். ஓட்டு இல்லாவிட்டாலும் கடிதம் எழுதலாமே! கோலாலம்பூரில் 21 வருஷம் கழித்து 2013 கடைசியில் வீட்டு மதிப்பை ஒரேயடியாக ஏற்றினார்கள். ஜனங்கள் ஆட்சேபக் கடிதங்களைக் குவித்தார்கள். குடியிருப்பு வீடுகளுக்கான விகிதம் 6லிருந்து 4 சதவீதமாக இறங்கியது.

அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியாமல் நின்ற வெட்கத்தில்தான் நான் மலாய் படித்தேன். தினமும் ராத்திரி கடை மூடியதும் அந்தப் பெரியவர் பழைய பில்களைப் பரப்பி வைத்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் சொல்படி நாலு பேரும் கைக்காசு போட்டுப் பாக்கியைக் கட்டி, ரசீதை வீட்டுக்காரரிடம் நீட்டினோம். கத்தினார், வாடகையில் கழிக்க ஒத்துக்கொண்டார். இன்றைக்கு என் பெயரில் வீடு இருக்கு, பிப்ரவரி பிறந்ததும் முதல் வாரத்திலேயே கட்டிவிடுவேன். பெரியவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அந்த மிஷின் இன்னும் கூடத்தில் ஜன்னலோரம்தான் நிற்குது, பேத்தியின் பள்ளிச் சீருடைக்குப் போன வாரம் அதில்தான் மடிப்பு அடித்தேன்.