ஒரு கல்லைக்கூட

அன்புள்ள ஐயா,

சாதாரண மக்கள் பேசும் மொழியில்தான் கவிதை எழுத வேண்டும் என்றார் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். பேசுகிற மாதிரியே எழுதினால் அது கவிதையாவது எப்படி? அவருடைய இயற்கை ஈடுபாடும் வசதியுள்ள ஒருவரின் ரசனையாகத்தான் எனக்குப் படுகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

அவருடைய 'மைக்கேல்' கவிதையைப் படித்துப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அந்தக் கருத்தை அவர் எழுதிய முன்னுரையும் இந்தக் கவிதையும் 'லிரிக்கல் பேலட்ஸ்' என்ற கவிதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பில்தான் ஒன்றாக வந்தன.

வட இங்கிலாந்தில் கிராஸ்மியர் மலைப்பக்கம் ஆடு மேய்க்கும் கிழவர் மைக்கேல். உறவுக்காரப் பையனுக்கு ஜாமீன் நின்றதில் நிலம் கைவிட்டுப் போகும் நிலை. அதைக் காப்பாற்ற ஒரே மகன் லூக்கை நகரத்துக்கு வேலைக்கு அனுப்புகிறார். முந்தின நாள் சாயங்காலம் அவனை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போகிறார். ஆட்டுப்பட்டி கட்டுவதற்காகக் கற்கள் குவிந்து கிடக்கின்றன. முதல் கல்லை நீ வை, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். போன இடத்தில் லூக் கெட்டுப்போய்க் கடல் தாண்டி ஓடிவிடுகிறான். கிழவர் அதன் பிறகும் பட்டி கட்டப் போகிறார். பல நாள் போனார், ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை என்று ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள்.

அவ்வளவுதான் வரி. உவமை கிடையாது, அருஞ்சொல் கிடையாது. ஆனால் நானூறு வரிக்கு மேல் கடந்து அந்தக் 'கல்' வரும்போது, அன்று சாயங்காலம் லூக் குனிந்து வைத்த கல்லும் கூடவே வருகிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். குடியானவர் பேச்சை அப்படியே எடுத்தால் கவிதையாகிவிடாது என்று 1817-ல் அவருடைய கவிஞ நண்பர் கோல்ரிட்ஜ் மறுத்தார், நியாயம்தான். வேர்ட்ஸ்வொர்த்தும் முன்னுரையில் 'தேர்ந்தெடுத்த' மொழி என்றே சொல்கிறார். அந்தச் சொல்லை நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

அப்புறம், ரசனை என்கிறீர்கள். 1801 ஜனவரியில் அரசியல் தலைவர் சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்கு இந்த நூலை அனுப்பி வேர்ட்ஸ்வொர்த் ஒரு கடிதம் எழுதினார். சொந்தமாகத் துண்டு நிலம் வைத்துப் பிழைப்பவர்கள் வேகமாக மறைந்து வருகிறார்கள், அந்த நிலம்தான் அவர்கள் குடும்பப் பாசத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது கடிதத்தின் சாரம். நல்ல துணி உடுத்தாதவர்களும் ஆழமாக உணர்வார்கள் என்று காட்டவே 'மைக்கேல்' எழுதியதாகவும் அதில் சொல்கிறார். கவிஞனின் வேலை என்று அவர் நினைத்தது இதைத்தான்.

கடைசியில் நிலம் அந்நியர் கைக்குப் போகிறது. வீடு இருந்த இடத்தில் ஏர் ஓடிவிட்டது. வாசலில் நின்ற ஓக் மரம் இருக்கிறது. ஓடைக்கரையில் கட்டி முடியாத பட்டியும் இருக்கிறது.