சாப்பிட முடியாத கினிப் பன்றிக்குச் சிரிஞ்சு மூலம் ஊட்டுவது ஏன் அவசியம்?

சிரிஞ்சு ஊட்டல் என்பது, நோயினால் தானாக மென்று தின்ன இயலாத கினிப் பன்றிக்கு (கொறித்துண்ணும் சிறு வளர்ப்பு விலங்கு), நார்ச்சத்து மிகுந்த உணவுத் தூளை இளஞ்சூடான நீரில் குழைத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சால் சிறிது சிறிதாகக் கொடுப்பதாகும்.

இவ்விலங்கின் குடல் இரவும் பகலும் உணவு வந்துகொண்டே இருக்கும் என்ற கணக்கில் அமைந்தது. கோயில் வரிசையில் பின்னால் வருபவர்கள் நெருக்கும்போது முன்னால் நிற்பவர்கள் நகர்வதைப் போல, புதிதாக வரும் நார்தான் பழைய உணவை நகர்த்துகிறது. அது நின்றுவிட்டால் உணவு தேங்கி, வாயு சேர்ந்து, செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, அந்த வலியே பசியை மேலும் அடக்கிவிடுகிறது. ஆகவே, 12 மணி நேரம் எதையும் தொடாவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஆவலோடு உணவருகே சென்று, தின்னாமல் திரும்பினால் பற்களைச் சந்தேகிக்கலாம். வாழ்நாள் முழுதும் வளரும் கடைவாய்ப் பற்கள் வளைந்து நாக்கை அழுத்தக்கூடும்.

வயிறு உப்பியிருந்தால், மருத்துவர் பார்க்கும் முன் ஊட்டக்கூடாது. மற்றபடி, மல்லாத்தாமல் நிமிர்த்திப் பிடித்து, முன்பற்களுக்குப் பின்னுள்ள இடைவெளியில் பக்கவாட்டாகக் கொடுத்து, விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் உணவு நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். நம்மைப் போலவே இதன் உடலும் வைட்டமின் சி-யைத் தயாரிக்காது என்பதால் அதையும் தனியே கொடுக்க நேரும். ஊட்டுவது போதுமா என்பதை அறிய, அன்றாடம் கிராம் கணக்கில் எடை பார்ப்பதே நம்பகமான அளவுகோல். வீட்டில் மிஞ்சிய அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது உயிரைப் பறிக்கலாம்.

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று நம்பி, ஒருநாள் பட்டினி கிடந்தால் வயிறு தானே சரியாகும் எனப் பலர் விட்டுவிடுகிறார்கள். கினிப் பன்றிக்கு அந்தப் பட்டினியே நோயை முற்றச் செய்கிறது.