கவின் என்றால் அழகு மட்டுமல்ல

கேள்வி: பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் தாத்தா வைத்திருந்த கடையின் பழைய ஆங்கிலப் பத்திரத்தில், 'ஃப்ராடு' என்ற சொல்லுக்கு அடுத்து 'கோவின்' என்று வருகிறது. அது ஆள் பெயரா? தாத்தா மேல் ஏதும் குற்றச்சாட்டா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இரண்டும் இல்லை அம்மா. 'மோசடியோ கவினோ இல்லாமல்' எழுதிக்கொடுப்பதாகச் சொல்லும் வாசகம் அது. ஆம், உச்சரிப்பு 'கவின்'. நமக்கு அழகு, பழைய ஆங்கிலச் சட்டத்தில், இருவர் ரகசியமாகக் கைகோத்து மூன்றாமவரின் உரிமையைக் கெடுப்பது.

பினாங்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த புதிதில் இதை 'மோசடி' என்றே சொல்லிவிட்டேன். மூத்த வழக்கறிஞர் ஒருவர் வராந்தாவில் நிறுத்தித் திருத்தினார்: "தம்பி, மோசடியை ஒருத்தனே செய்யலாம். கவினுக்கு ரெண்டு பேர் வேணும்." அன்றிலிருந்து எனக்கு அது 'கள்ளக்கூட்டு'. மூலம் லத்தீன், 'கூடி வருதல்' என்பதே வேர்ப்பொருள். மலாயில் 'பாக்காட்' நல்ல உடன்பாட்டுக்கும் கெட்ட உடன்பாட்டுக்கும் வருகிறதே, அதுபோல இதுவும் முதலில் வெறும் கூட்டுதான்.

1571-இல் முதலாம் எலிசபெத் காலத்தில், கடன் கொடுத்தவர்களை ஏய்க்கும் சொத்து மாற்றங்களுக்கு எதிராக வந்த சட்டத்தில் இச்சொல் உண்டு. அதன்கீழ் நடந்த ட்வைன் வழக்கை நான் மறப்பதில்லை. பியர்ஸ் என்பவர் ட்வைனுக்கு 400 பவுண்டும் வேறொருவருக்கு 200 பவுண்டும் கடன்பட்டிருந்தார். அந்த வேறொருவர் வழக்குப் போட்டதும், பியர்ஸ் ஆடுகள் உட்பட 300 பவுண்டு பெறுமான தன் உடைமைகள் முழுவதையும் ட்வைனுக்கு ரகசியமாக எழுதிவைத்தார். ஆனால் ஆடுகள் பியர்ஸிடமே நின்றன. ரோமம் கத்தரித்தார், தன் அடையாளத்தையே அவற்றின்மேல் போட்டார். இத்தனைக்கும் ட்வைனின் கடன் பொய்க்கடன் இல்லை! இருந்தும் அந்தச் சொத்து மாற்றம் செல்லாது என்றார்கள் நீதிபதிகள். 'நேர்மையாக, உண்மையாகத் தரப்பட்டது' என்று பத்திரம் தானே சொல்லிக்கொண்டதையும் சந்தேகக் குறியாகவே எடுத்தார்கள். மனத்துக்குள் நடந்த உடன்பாட்டுக்கு வேறு சாட்சி ஏது?

1807-இல், நீதிமன்றம் அமைக்க பிரிட்டிஷ் அரசர் வழங்கிய நீதிச் சாசனத்தோடு ஆங்கிலச் சட்டம் பினாங்கில் கால்வைத்தது. உங்கள் தாத்தாவின் பத்திர மொழி அந்த வழியில் வந்ததுதான். பினாமியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிறர் பெயரில் சொத்து வைப்பது மட்டுமே கவின் ஆகாது, அதனால் இன்னொருவரை வஞ்சிக்கும் நோக்கம் வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். தாத்தா தமிழில் கையெழுத்திட்டிருந்தால், பத்திரத்தைப் படித்து விளக்கிய மொழிபெயர்ப்பாளரின் ஒப்பமும் அருகில் இருக்கலாம், பாருங்கள். அந்த மனிதர் இந்தச் சொல்லை அவருக்குத் தமிழில் எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.