அம்மாவுக்கு இல்லம் தேடுகிறேன்: 22 லட்சம் எத்தனை வருஷம் தாங்கும்?

கேள்வி: எனக்கு 48 வயது. தஞ்சாவூரில் தனியார் பள்ளி ஆசிரியை. அம்மாவுக்கு 76. போன வருஷம் பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் விளங்கவில்லை. இப்போது ஞாபக மறதியும் ஆரம்பித்திருக்கிறது. அப்பா மாநில அரசு ஊழியர் என்பதால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாதம் 19,000 ரூபாய் வருகிறது. வங்கியில் டெபாசிட் 22 லட்சம், அம்மா பெயரில் ஒரு வீடு. வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள வந்த இரண்டு பெண்களும் நின்றுவிட்டார்கள். திருச்சி பக்கம் ஒரு இல்லத்தில் மாதம் 26,000 கேட்கிறார்கள். கோவையில் ஒன்றில் 45,000, அதோடு 3 லட்சம் டெபாசிட். தமிழ்நாடு முழுக்கப் பார்த்தால் எந்த இல்லம் சார் நல்லது? பணம் எவ்வளவு நாள் வரும்? வீட்டை விற்றுவிடலாமா? பஹ்ரைனில் இருக்கும் அண்ணன், வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: சகோதரி, நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிக்கொள்கிறேன். எது நல்ல இல்லம் என்று தெரியாமல் பணம் எத்தனை நாள் வரும் என்று சொல்ல முடியாது. 26,000 ரூபாய் இல்லம் ஆறே மாதத்தில் 45,000 ரூபாய் இல்லமாக மாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவம் பார்க்கிற, அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் செய்கிற சின்ன ஆஸ்பத்திரி. உங்கள் அம்மாவுக்குத் தேவை அது இல்லை. முதியோர் இல்லம் என்ற போர்டைப் பார்த்ததும் உள்ளே போய்விடவும் வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை தானே எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்து வருகிறவர்களுக்கானவை. கோவையைச் சுற்றி அழகழகாகக் கட்டியிருக்கும் ஓய்வுக்காலக் குடியிருப்புகளும் முக்கால்வாசி அப்படித்தான். படுக்கையில் இருப்பவரை, மறதி உள்ளவரை வைத்துப் பார்க்கிற இடம் வேறு வகை. அவை சென்னையிலும் கோவையிலும்தான் அதிகம். டெல்டா பக்கம் குறைவு என்பது தேடிப் பார்த்த உங்களுக்கே தெரிந்திருக்கும். கிராக்கியும் இனி குறையப் போவதில்லை. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-ல் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதமாக இருப்பார்கள் என்பது மத்திய அரசு வெளியிட்ட கணிப்பு. கட்டணம் வருஷா வருஷம் 8 சதவீதம் ஏறும் என்று கீழே நான் கணக்குப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாநிலம் முழுக்க எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் அரசே ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் 1 முதல் 5 வரை நட்சத்திரம் கொடுக்கிறது. ஆய்வில் கண்ட குறைகள், ஒரு நோயாளிக்கு நர்ஸ் ஒதுக்கும் நேரம் எல்லாவற்றையும் இணையத்தில் பார்க்கலாம். நம்மிடம் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், 14567 முதியோர் உதவி எண்ணிலும் விசாரியுங்கள். 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு அரசு இல்லமாவது வேண்டும் என்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது வசதியற்றவர்களுக்கானது, உங்கள் அம்மா அதில் வரமாட்டார். ஆகவே பதிவுச் சான்றிதழைப் பார்த்த பிறகு தரத்தை நீங்கள்தான் நேரில் அளக்க வேண்டும்.

என் அப்பாவுக்கு இடம் தேடிய கதையைச் சொல்கிறேன். அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. காலை 11 மணிக்குப் போய்ப் பார்த்த இல்லம் பளிச்சென்று இருந்தது. வாசலில் கோலம், ஃபினாயில் வாசனை, டிவியில் பக்திப் பாட்டு. முன்பணம் கட்டிச் சேர்த்தோம். பத்து நாள் கழித்து ஊரிலிருந்து வரும் வழியில் இரவு ஒன்பதரைக்குச் சொல்லாமல் போய் நின்றேன். மாடியில் 14 பேர், ஒரே ஒரு ஆயா. அப்பாவின் கட்டிலில் அழைப்பு மணியின் ஒயர் வலது பக்கக் கம்பியில் சுற்றிக் கிடந்தது. வலது கை விளங்காத மனிதருக்கு வலது பக்கம் மணி! அதை வைத்தவர் கெட்டவர் இல்லை, பாவம், யோசிக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது. அதற்கப்புறம் எந்த இல்லத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, ராத்திரி 2 மணிக்கு அங்கே எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதுதான்.

இது பணக் கேள்வியும்கூட. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். அந்தப் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் மிச்சம் பிடித்த கட்டணமெல்லாம் ஒரே பில்லில் போய்விடும். இப்போது இல்லத்துக்காரர் பக்கமிருந்து பாருங்கள். ஆறு பேருக்கு ஒருவர் 24 மணி நேரமும் என்று வைத்தால், 30 பேர் உள்ள இடத்தில் எந்த நேரமும் 5 பேர் நிற்க வேண்டும். எட்டு மணி நேர ஷிப்ட், வாரம் ஒருநாள் லீவு என்றால் அதற்கு 18 பேர் வேண்டும். தலைக்கு 15,000 சம்பளம் போட்டாலும் 2,70,000 ரூபாய். ஒரு முதியவர் தலையில் 9,000. இதற்கு மேல் நர்ஸ், சாப்பாடு, கட்டட வாடகை, கரண்ட், ஆம்புலன்ஸ். 26,000-க்கு இதையெல்லாம் செய்யவே முடியாது என்று சொல்ல மாட்டேன். நன்கொடை வருகிற இடம் செய்யலாம், சொந்தக் கட்டடம் உள்ள டிரஸ்ட் செய்யலாம். அப்படி இல்லாத இடம் ஆளில்தான் கை வைக்கும்.

எனவே இரண்டு இடத்துக்கும் இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை போய் வாருங்கள். ஆட்களை நீங்களே எண்ணுங்கள். இரவு நர்ஸ் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்தவரா, பழகிய ஆயாவுக்கே நர்ஸ் உடுப்பு போட்டிருக்கிறார்களா என்று நேராகவே கேளுங்கள். படுக்கையில் இருக்கும் ஒருவரின் குதிகாலையும் இடுப்புக்குக் கீழேயும் பார்க்க முடிந்தால், அவர் வீட்டார் அனுமதியோடு பாருங்கள். அங்கே தோல் நன்றாக இருந்தால் ராத்திரி வேலை நடக்கிறது என்று அர்த்தம். அப்புறம், "அம்மாவுக்கு மூக்கில் குழாய் போட வேண்டி வந்தால் வைத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பல ஒப்பந்தங்களில் நிலைமை மோசமானால் 30 நாளில் அழைத்துப் போக வேண்டும் என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். நமக்கு இல்லம் தேவைப்படுவதே அந்த நாளுக்காகத்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். கோவையில் 45,000 கட்டணம். டயப்பர், மருந்து, பிசியோ, மாதம் ஒரு டாக்டர் என்று இன்னும் 10,000 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 55,000. செலவு வருஷத்துக்கு 8 சதவீதம், ஓய்வூதியம் 4 சதவீதம் ஏறுகிறது, 22 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் ஐந்தாவது வருஷக் கடைசியில் கையிருப்பு காலி. 3 லட்சம் டெபாசிட்டை எடுத்துக் கொடுத்துவிட்டால் நாலு வருஷம் நாலு மாதத்திலேயே தீர்ந்துவிடும். டெபாசிட் திரும்ப வரும் என்பார்கள். எத்தனை நாளில், எவ்வளவு கழித்து என்று தேதியோடு எழுதித் தராவிட்டால் அதை வராத பணமாகவே எழுதிவையுங்கள்.

திருச்சிக் கணக்கு மேலோட்டமாக மலிவு. ஆனால் நாளைக்கே அவர்கள் "அம்மாவுக்குத் தனி ஆள் போட்டாக வேண்டும்" என்று 18,000 சேர்த்தால் 44,000 ஆகிவிடும். அந்தத் தனி ஆளுக்கு லீவு வந்தால் யார் பார்ப்பது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்று மட்டும் திருச்சிக்குச் சாதகம்: தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய் நிற்கலாம். அடிக்கடி, அதுவும் சொல்லாமல் வருகிற மகள் இருந்தால் எந்த இல்லமும் கொஞ்சம் ஒழுங்காக நடக்கும். இரவு ஆள் கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தால் நான் திருச்சியைத்தான் எடுப்பேன். பில்லில் ஜி.எஸ்.டி. உண்டா என்றும் கேளுங்கள். வருமான வரித்துறையில் பதிவு பெற்ற தர்ம நிறுவனம் நடத்தும் இல்லமென்றால், 60 வயதுக்கு மேற்பட்டவருக்குத் தங்கும் இடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 வரை ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. உங்களிடம் கேட்பது 26,000! ஆயிரம் ரூபாயைக் குறைக்கச் சொல்லிப் பார்ப்பதில் தப்பில்லை.

மருத்துவக் காப்பீடு கை கொடுக்குமா என்று சிலர் கேட்பார்கள். கொடுக்காது. குளிப்பாட்ட, உடை மாற்ற, நடக்கவைக்க ஆள் வைக்கும் செலவை, வீட்டில் ஆனாலும் இல்லத்தில் ஆனாலும், பாலிசிகளில் உள்ள பொதுவான விலக்குப் பிரிவு ஒதுக்கிவிடுகிறது. உங்கள் பாலிசியில் 'எக்ஸ்க்ளூஷன் 05' என்று தேடினால் கிடைக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மட்டுமே காப்பீடு உதவும். வருமான வரிச் சலுகைக்காக அலைவதும் வீண். அம்மாவின் வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே வராது. மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கு உண்டான, 80டிடி என்று பழகிப்போன சலுகையை உங்கள் கணக்கில் கேட்பதென்றால் அம்மா பெரும்பாலும் உங்களை நம்பி வாழ்பவராக இருக்க வேண்டும். அவருக்கு ஓய்வூதியம் வருவதால் அங்கே கேள்வி எழும்.

வீட்டை இப்போது விற்க வேண்டாம். மாதம் 12,000 வாடகைக்கு விட்டு, வாடகை 5 சதவீதம் ஏறினால், அதே கோவைக் கணக்கு ஏறத்தாழ ஏழு வருஷம் வரை நீள்கிறது. 80 வயதில் அரசு தரும் கூடுதல் ஓய்வூதியத்தை நான் இதில் சேர்க்கவில்லை. நாலாவது வருஷம் நிலவரத்தைப் பார்த்து விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.

அண்ணன் பெயருக்கு எழுதித் தருவது பற்றி. அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் செட்டில்மென்ட் பத்திரம் பதிவாகிவிட்டால் வீடு அம்மாவின் கையை விட்டுப் போகிறது, செலவுப் பொறுப்போ வாய்வார்த்தையாகவே நிற்கிறது. 2007 சட்டத்தின் 23-வது பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிறகு கவனிக்காமல் விட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. எழுதியே ஆக வேண்டுமென்றால் அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். எழுதாமலேயே அவர் மாதம் 15,000 அனுப்பலாமே, கேட்டுப் பாருங்கள். மகன் அம்மாவுக்கு அனுப்பும் பணத்துக்கு வரி கிடையாது.

எல்லாவற்றையும் விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைக் காணோம். அம்மாவுக்கு மறதி ஆரம்பித்துவிட்டது. விவரம் புரிந்து அவர் கையெழுத்துப் போடும் காலத்திலேயே வங்கி வேலையை முடிக்க வேண்டும். பவர் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் செல்லாமல் போய்விடும். பிறகு அவர் பணத்தை அவருக்கே செலவழிக்க நீதிமன்றம் போய்ப் பாதுகாவலராக நியமனம் வாங்க வேண்டியிருக்கும். டெபாசிட்டுகளில் உங்கள் பெயரை 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் சேருங்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. முதிர்ந்த பிறகு ஒருவர் கையெழுத்துப் போதும், முதிர்வுக்கு முன் உடைக்க இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். அதனால் 22 லட்சத்தையும் ஒரே ரசீதாக வைக்காமல் 2 லட்சமாக 11 ரசீதுகளாகப் பிரித்து, நாலு மாதத்துக்கு ஒன்று முதிரும்படி போடுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம் தருகிறார்களே என்று தோன்றும். அதில் கணவன் மனைவி மட்டுமே கூட்டாகச் சேர முடியும், மகளைச் சேர்க்க முடியாது. 1.2 சதவீதத்துக்கு ஆசைப்பட்டுப் பணத்தைப் பூட்டிவைக்காதீர்கள். உங்கள் பெயரைச் சேர்ப்பது செலவு நடத்தத்தான், உரிமைக்கு அல்ல என்று அண்ணனுக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பி, அவர் சம்மதத்தைப் பதிலாக வாங்கி வையுங்கள்.

வங்கி வேலையை இந்த வாரமே முடித்துவிட்டு, இல்லம் எதுவானாலும் முதல் மாதத்தைப் பழக்க மாதமாகப் பேசிக்கொள்ளுங்கள், டெபாசிட் இல்லாமல். உங்கள் அம்மாவுக்கு மணி வலது பக்கம் இருக்க வேண்டும். சேர்க்கிற அன்றே நீங்களே கட்டிவிட்டு, அவர் கையால் ஒருமுறை அடித்துப் பார்க்கச் சொல்லி, யார் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்று பாருங்கள்.