அகலம் மூன்றடி, அதற்கு மேல் வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர் கோத்தகிரி பக்கம். ஊருக்கு மேலே பன்னிரண்டு, பதின்மூன்று ஏக்கர் வெட்டவெளி இருக்கிறது. தாத்தா காலத்தில் எருமை மேய்ந்த இடம். இப்போது எருமையும் இல்லை, மேய்க்க ஆளும் இல்லை. ஓரத்திலிருந்து சீகை மரம் (வாட்டில்) ஏறிக்கொண்டே வருகிறது. சுற்றிலும் காட்டேஜ் கட்டுகிறார்கள். போன மாதம் யாரோ இருவர் டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார்கள். ஊரிலிருந்து உச்சி வரை நடைபாதை போட்டுவிட்டால் ஆள் நடமாட்டம் இருக்கும், நிலமும் பத்திரமாக இருக்கும் என்று எங்கள் பையன்கள் சொல்கிறார்கள். ஊராட்சியில் கேட்டால் பேவர் பிளாக் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் பையன்கள் சொல்வது பாதி சரி. தினமும் பத்துப் பேர் நடக்கிற நிலத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பிவேலி போட முடியாது. ஆனால் பாதை கொஞ்சம் அகலமாகிவிட்டால் முதலில் பைக் வரும். அப்புறம் ஜீப். ஜீப் போன தடத்தில் ஜல்லி லாரி ஏற எத்தனை நாள் ஆகும்? மலையில் ஒரு நிலத்தின் விலை அதன் அழகில் இல்லை, வண்டி போகுமா போகாதா என்பதில் இருக்கிறது. அதனால் நான் முதலில் சொல்வது அகலத்தைத்தான். மூன்றடி. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம் இருக்கலாம். ஊராட்சியில் ஆறடி என்பார்கள், எட்டடி என்பார்கள். பிடிவாதமாக இருங்கள்.

மண்வெட்டி எடுப்பதற்கு முன்னால் காகிதம். அந்த நிலத்தின் புல எண்ணைக் கண்டுபிடித்து, ஊரின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் என்ன வகைப்பாடு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அரசின் நிலப்பதிவு இணையதளத்திலேயே பார்க்கலாம். அதோடு எஃப்.எம்.பி. என்கிற புல அளவு வரைபடத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் எல்லோரும் ‘புறம்போக்கு’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். பதிவேட்டில் அது பல மாதிரி இருக்கும். மேய்க்கால், அதாவது மேய்ச்சல் நிலம், என்றிருந்தால் உங்களுக்கு நல்லது. அது ஊரின் பொது உபயோகத்துக்கான நிலம் என்று பதிவேடே ஒப்புக்கொள்கிறது. இப்படிப்பட்ட சில புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்த ஊராட்சிக்கு 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. ‘தரிசு’ என்று இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் வரி கட்டாத புல்வெளி பலவும் கணக்கில் தரிசுதான். தரிசை இன்னொரு துறைக்கோ இன்னொரு காரியத்துக்கோ மாற்றுவது எளிது. யாரும் தடுக்கவில்லை என்றால் ஒரு கோப்பு நகர்ந்தால் போதும்.

மூன்றாவதாக, ‘வனம்’ என்றோ ‘காப்புக்காடு’ என்றோ இருக்கலாம். அப்படியானால் உங்கள் ஊர்ப் பாதைத் திட்டம் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அரசு ஆவணத்தில் காடு என்று பதிவான நிலம் யாருடையதாக இருந்தாலும் அது காடுதான் என்று 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரேஞ்சரைப் பார்க்காமல் ஒரு கல்லைக்கூடப் புரட்டாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீ 20 பேருக்கு மேல் உயிரைக் குடித்த பிறகு, மலையேற்ற விதிகள் மிகவும் இறுகிவிட்டன. கோடை வந்தால் காட்டுப் பாதைகளை மூடிவிடுகிறார்கள். அதில் தவறு இல்லை.

சரி, மேய்க்கால் அல்லது தரிசு என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு வாய்ப்பு இருக்கிறது. ‘எங்கள் புல்வெளியைக் காப்பாற்ற வேண்டும்’ என்ற மாதிரி தீர்மானம் எழுதினால் யாருக்கும் உதவாது. புல எண், பரப்பு, எந்தெந்தக் குடிநீர்க் கிணற்றுக்கு அங்கிருந்து தண்ணீர் வருகிறது, ஊர் அதை எதற்குப் பயன்படுத்துகிறது, கட்டுமானத்துக்கோ தனியாருக்கு ஒப்படையாகவோ கொடுக்கக் கூடாது, ஊர்ப் பொதுநிலமாகவே வகைப்பாட்டைத் திருத்த வேண்டும் என்று வரிவரியாக எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து ஆனதும் அந்தப் பக்கத்தை அங்கேயே போட்டோ எடுங்கள். கூட்டம் முடிந்து எழுதிக்கொள்கிறோம் என்பார்கள். அப்படி எழுதாமல் போன இரண்டு தீர்மானங்களை நானே பறிகொடுத்திருக்கிறேன்.

தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் மனு போடும்போது 2011 ஜனவரியில் வந்த ஜக்பால் சிங் வழக்குத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றி மீண்டும் ஊர் உபயோகத்துக்கே கொடுக்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதில் உத்தரவிட்டது. பஞ்சாப் கிராமத்துக் குளத்துக்காக நடந்த வழக்கு அது. ஆனால் இந்தியா முழுக்கப் பொதுநிலத்துக்கு அதுதான் கவசம்.

இன்னும் வலுவான ஒன்று வேண்டுமானால் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி வருவது. பன்னிரண்டு ஏக்கருக்கெல்லாம் கிடைக்குமா என்று நினைக்காதீர்கள். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி கோயில்காடு 4.97 ஹெக்டேர்தான், அதாவது பன்னிரண்டு ஏக்கர் சொச்சம். 2025-ல் அதற்குக் கிடைத்தது. அதற்கு முன்னால் 2022-ல் மதுரை அரிட்டாபட்டிக்கு. அறிவிப்பு வந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் இல்லை. 2024-ல் அந்த அரிட்டாபட்டி வட்டாரத்திலேயே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர்கள் திரண்டு நின்ற பிறகுதான் 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அறிவிப்பு கேட்பதற்கு முன்னால் உங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு பெயரளவிலாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அந்த மேட்டுப் புல், ஊற்று, பறவை எல்லாவற்றையும் ஏற்றுங்கள். பள்ளிப் பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்தால் ஒரு சீசனில் நிறையப் பக்கங்கள் எழுதிவிடலாம்.

பாதை யாருடைய தேயிலைத் தோட்டத்தையாவது தொட்டுக்கொண்டு போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மலையில் அநேகமாகத் தொடும். தோட்டக்காரர் உங்கள் மாமாவாகவே இருந்தாலும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ‘போய்க்கோங்க’ என்று அவர் சொல்வது வெறும் அனுமதி. நாளைக்கு அவர் பையன் தோட்டத்தை விற்றால் வாங்குபவர் கேட்டைப் பூட்டிவிடுவார். பழைய பத்திரங்களில் ‘மாமூல் தடம்’, அதாவது வழக்கமாக நடந்து வந்த பாதை, என்று இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் அந்த மூன்றடி அகலத் துண்டை மட்டும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நூறடி நீளத்துக்கு முந்நூறு சதுர அடி. முக்கால் சென்ட்கூட வராது. மனம் இருந்தால் கொடுக்கிற அளவுதான்.

இப்போது பாதைக்கு வருவோம். நான் முதன்முதலில் போட்ட பாதை ஒரு மேட்டின் முதுகில் நேராகக் கீழே இறங்கியது. கம்பீரமாக இருந்தது, படமெல்லாம் எடுத்தோம். ஒரே ஒரு ஐப்பசி மழை. அடுத்த முறை போனபோது முழங்கால் ஆழத்துக்கு ஓடை. ஜனங்கள் ஓடைக்குப் பக்கத்தில் புல்லை மிதித்து இன்னொரு தடம் போட்டிருந்தார்கள், அதுவும் ஓடையாகிக்கொண்டிருந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுமோ அந்தப் பக்கமே பாதையும் போனால் அது பாதையாக நிற்காது. சரிவின் குறுக்கே, பக்கவாட்டில் ஏற வேண்டும். பத்தடி நடந்தால் ஓரடி உயர வேண்டும். சராசரி அதுதான். அதோடு, பாதையின் ஏற்றம் அந்தச் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு பத்தடிக்கு ஓரடியாக இருக்கும் மெதுவான இடத்தில் பாதை பத்தடிக்கு அரையடிக்கு மேல் ஏறினால், தண்ணீர் பாதையைக் கடந்து போகாமல் பாதையோடு சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடும்.

இதை அளக்க ஆயிரக்கணக்கில் கருவி வாங்க வேண்டாம். ஆறேழு அடி நீளத்தில் இரண்டு மூங்கில், உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள். கால்களுக்கு நடுவே சரியாக ஐந்தடி இடைவெளி. நடுவில் குறுக்கே ஒரு கட்டை. உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். தரையில் நிறுத்தி, கயிறு குறுக்குக்கட்டையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. அதே இரண்டு புள்ளிகளில் கால்களை மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். இப்போது பின்பக்கக் காலின் அடியில் ஆறு அங்குலக் கட்டை ஒன்றைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். கயிறு நடுப்புள்ளியில் நின்றால், முன்கால் ஆறு அங்குலம் மேலே இருக்கிறது என்று அர்த்தம். ஐந்தடிக்கு அரையடி, அதாவது பத்தடிக்கு ஓரடி. முன்கால் இருந்த இடத்தில் பின்காலை வைத்து வைத்து நகர்ந்து, முன்கால் பட்ட இடத்திலெல்லாம் ஒரு குச்சி நட்டுக்கொண்டே போங்கள். பையன்களிடம் கொடுத்தால் ஒரே நாளில் உச்சியைத் தொட்டுவிடுவார்கள். அந்தக் குச்சி வரிசையைப் பத்து நாள் அப்படியே விட்டுவிட்டு, வயதானவர்களை நடக்கவிட்டுப் பாருங்கள். எங்கே ஊற்று கசியும், எங்கே காட்டெருமை இறங்கும் என்று அவர்கள்தான் சொல்வார்கள்.

வெட்டும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். மூன்றடியும் பழைய கெட்டி மண்ணிலேயே அமைய வேண்டும். ஒன்றரை அடி வெட்டி, வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் கொட்டி மீதி ஒன்றரை அடியை நிரப்பினால் வேலை பாதிதான். முதல் மழையில் அந்தப் பாதி போய்விடும். வெட்டிய மண்ணைக் கீழே புல்லின் மேல் மெல்லியதாகச் சிதறிவிடுங்கள். பாதையின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும், மேலிருந்து வரும் தண்ணீர் குறுக்கே வழிந்து போகும். ஐம்பதடிக்கு ஒரு முறை, ஏறிக்கொண்டே போகும் பாதையை நாலைந்து அடி தூரத்துக்கு லேசாக இறக்கி மறுபடி ஏற்றுங்கள். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் வெளியேறிவிடும். நடப்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வளைவு திருப்பினால் பாறைக்கோ புதருக்கோ பின்னால் திருப்புங்கள். கீழ்ப்பாதை கண்ணுக்குத் தெரிந்தால் குறுக்கே குதித்து இறங்கத்தான் செய்வார்கள், நம்ம ஜனத்தைத் தெரியாதா. மேட்டுக்கும் ஊருக்கும் நடுவே சதுப்பு இருந்தால் சுற்றிப் போங்கள். உங்கள் குடிநீர் அதில்தான் ஊறுகிறது.

பொக்லைன் வேண்டவே வேண்டாம். நீலகிரியில் கலெக்டர் அனுமதி இல்லாமல் அதை இறக்கவும் முடியாது. காரணம் இருக்கிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். மலையை ஆறடி ஆழம் செங்குத்தாக வெட்டியவர்களுக்கு அந்த மழை மறுபடியும் வரும். பேவர் பிளாக்கும் இதே கதைதான். எஸ்டிமேட் போடவும் பில் எடுக்கவும் வசதி என்பதால் ஊராட்சிக்குப் பிடிக்கிறது. மலைச்சரிவில் அடிமண் அரித்துப்போனால் கட்டிகள் ஒவ்வொன்றாக ஆடும், பாசி பிடித்தால் வழுக்கும். செங்குத்தான இடத்துக்குச் சிமென்ட் இல்லாத கல் படி. பழைய தோட்டச் சுவர்களில் கிடக்கிற கல்லே போதும்.

சீகைக்கு ஒரு வார்த்தை. பெரிய மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்தே இருக்கிறது, களை மரம் என்பதற்காக அது சும்மா விடாது. அனுமதி வாங்கி வெட்டினாலும் அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். வெட்டிய அடுத்த மழையில் நாற்றங்கால் மாதிரி முளைக்கும். மழை விட்டு மண் இளகியிருக்கும்போது நாற்றைக் கையால் பிடுங்கலாம், வேரோடு வரும். வருடா வருடம் பிடுங்க வேண்டும். அந்த இடத்தில் மரக்கன்று நடும் விழா நடத்த யாராவது வந்தால் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அது மரம் இல்லாத நிலமாகவே பிறந்தது. மழையைப் பிடித்து வைத்து வெயில் காலத்தில் சொட்டுச் சொட்டாக விடுவது அந்தப் புல்தான்.

பாதையோரம் உண்ணிச்செடி மண்டியிருக்கும் திருப்பங்களில் இருபது முப்பது அடி தூரம் பார்வை கிடைக்கிற அளவுக்குக் கழித்துவிடுங்கள். உங்கள் பக்கம் கரடி அதிகம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் யாரும் ஏறக் கூடாது என்று ஊரே முடிவு செய்து பலகை வையுங்கள். பாதை தொடங்கும் இடத்தில் இரண்டு பெரிய பாறையை, ஆள் நுழையும் அளவு மட்டும் இடைவெளி விட்டுப் புதைத்துவிடுங்கள், பைக் நுழையாது.

வெட்டும் வேலைக்கு ஜனவரி, பிப்ரவரி நல்லது. மண் இறுகிக் கோடை மழையில் ஒரு சுற்று சோதனை ஆகிவிடும். அதற்கு முன்னால், வரும் வடகிழக்குப் பருவத்தில் நல்ல மழை கொட்டுகிற ஒரு நாளில், குடையோடு இரண்டு பேர் அந்தக் குச்சி வரிசையில் நடந்து பாருங்கள். தண்ணீர் எந்தெந்தக் குச்சியைத் தாண்டிப் போகிறது என்று எண்ணி, அந்த இடத்திலெல்லாம் சிவப்புத் துணி கட்டிவிட்டு வாருங்கள். பள்ளம் எடுக்க வேண்டியது அங்கேதான்.